ரீங்காரச்சிட்டின் வண்ணம்: படமும் தறியும்

வண்ணம் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது சாயத்தொட்டி. நூலைச் சாயத்தில் தோய்த்துப் பிழிந்து உலர்த்தினால் வண்ணம் கிடைக்கிறது. சாயம் இல்லையேல் வண்ணமும் இல்லை என்பதே தொழிலில் நாம் கண்டறிந்த பாடம். ஆனால் சாயத்தின் துணையின்றியே வண்ணம் உண்டாகும் வழியொன்றும் இயற்கையில் இருக்கின்றது. அதற்குத் தலைசிறந்த எடுத்துக்காட்டு, அமெரிக்கக் கண்டங்களில் வாழும் ரீங்காரச்சிட்டு என்னும் சிறு பறவையாகும். ஹம்மிங் பேர்டு என்று ஆங்கிலத்தில் வழங்குவது இதுவே.

இப்பறவையின் புகைப்படங்களை மூலமாகக் கொண்டு கணினியில் ஆக்கப்படும் சித்திரங்கள் இன்று உலகெங்கும் பரவியுள்ளன. சுவர்ப்படங்களிலும், தலையணை உறைகளிலும், ஆடைகளிலும் அவை அச்சாகி வருகின்றன. கைப்பேசியில் அத்தகைய படமொன்றைக் கண்ட வாடிக்கையாளர், "இதே நிறத்தில், இதே மினுமினுப்புடன் ஒரு சேலை வேண்டும்" என்று கேட்கும் நாள் எந்த நெசவாளர் சங்கத்துக்கும் வரலாம். அப்பொழுது இரண்டு வினாக்கள் எழுகின்றன. அந்த வண்ணம் துணியில் வருமா என்பது முதலாவது. அந்தப் படம் யாருடையது என்பது இரண்டாவது. முதல் வினாவைப் பொருட்படுத்தாவிடில் சரக்குத் தேங்கும். இரண்டாவதைப் பொருட்படுத்தாவிடில் வழக்கு வரும். இரண்டின் சுமையும் முடிவில் அங்கத்தினர் தலைமேலேயே விழும். ஆகவே இப்பொருளை அடிப்படையிலிருந்து முறையாக ஆராய்வோம்.

1. பறவையும் அதன் வண்ணமும்

ரீங்காரச்சிட்டுகளில் 360க்கு மேற்பட்ட இனங்கள் உள்ளன. வடக்கே அலாஸ்கா முதல் தெற்கே டியரா டெல் ஃபியூகோ வரை அவை பரவியிருக்கின்றன. அமெரிக்கக் கண்டங்களுக்கு வெளியே ஓரினமும் இயற்கையில் இல்லை. நம் தோட்டங்களிற் காணும் தேன்சிட்டு மினுமினுக்கும் இறகும் வளைந்த அலகும் உடையதாயினும், அது வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. கியூபாத் தீவில் வாழும் தேனீச்சிட்டு ஏறக்குறைய 2 கிராம் எடையே உள்ளது. உலகிலுள்ள பறவைகளுள் மிகச் சிறியது அதுவே. சிற்றினங்கள் பலவும் விநாடிக்கு 50 தடவைக்கு மேல் சிறகடிக்கின்றன. அதனாலேயே அவை மலருக்கு எதிரே அந்தரத்தில் நின்றவாறு தேன் பருக முடிகிறது. ரீங்கார ஒலியும் அதனாலேயே எழுகிறது.

கலிபோர்னியா முதலிய மேற்குக் கரைப் பகுதிகளில் வாழும் அன்னா ரீங்காரச்சிட்டின் ஆண் பறவையை எடுத்துக்கொள்வோம். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் அதன் கழுத்து கருத்துத் தோன்றும். அது நம் பக்கம் திரும்பிய அக்கணமே அதே கழுத்து செந்தணல்போல் இளஞ்சிவப்பாய் ஒளிரும். மீண்டும் திரும்பினால் கருமையே மிஞ்சும். பெண் பறவையின் முன் பாய்ந்து இறங்கி ஆடும்போது, அவ்வொளி அதன் கண்ணிற் படுமாறு ஆண் பறவை சூரியனை நோக்கித் தன் பாய்ச்சலை அமைத்துக்கொள்வதையும் பறவையியலார் கண்டிருக்கின்றனர்.

இதன் காரணம் யாது? இறகின் நடுத்தண்டிலிருந்து கிளைகளும், கிளைகளிலிருந்து நுண்கிளைகளும் பிரிகின்றன. நுண்கிளைகளுக்குள் மிக மெல்லிய தட்டுகள் அடுக்கடுக்காக அமைந்துள்ளன. நம் தலைமயிருக்குக் கருமை தரும் மெலனின் என்னும் பொருளால் ஆனவை அவை. ஒவ்வொரு தட்டினுள்ளும் நுண்ணிய காற்றறைகள் உள்ளன. ஒரு மில்லிமீட்டரைப் பல்லாயிரம் கூறிட்டால் வரும் அளவினவே இத்தட்டுகளின் படலங்கள். ஒளி இவ்வடுக்கின்மேற் பட்டதும் மேற்பரப்பிலிருந்து ஒரு பகுதியும், அடுத்தடுத்த பரப்புகளிலிருந்து வேறு பகுதிகளும் திரும்புகின்றன. ஊஞ்சலை அது முன்செல்லும் தருணத்தில் தள்ளினால் வீச்சுப் பெருகும். எதிர்வரும் தருணத்தில் தள்ளினால் அடங்கிப் போகும். அவ்வாறே திரும்பிவரும் ஒளியலைகளுள் ஒத்த தருணத்தில் வந்து சேரும் நிறம் பெருகுகிறது. மற்ற நிறங்கள் ஒன்றையொன்று அடக்கிக்கொள்கின்றன. மழைக்காலத்தில் சாலையிற் சிந்திய எண்ணெயின்மீது பல நிறங்கள் தோன்றுவதும் இவ்விதியினாலேயே.

பார்க்கும் கோணம் மாறினால் அடுக்கினுள் ஒளி செல்லும் தொலைவு மாறுகிறது. ஆகவே நிறமும் மாறுகிறது. இதிலிருந்து நாம் அறிய வேண்டிய உண்மைகள் இரண்டு. முதலாவது, இவ்விறகை அரைத்துச் சாயம் எடுக்க இயலாது. அரைத்தால் அடுக்குக் குலைந்து மங்கிய கருந்தூளே மிஞ்சும். இரண்டாவது, அடுக்குக் குலையாதவரை இவ்வண்ணம் எளிதில் வெளுப்பதில்லை. நூறாண்டுகளுக்கு முன் பாடம் செய்து வைத்த பறவைகள் அருங்காட்சியகங்களில் இன்றும் ஒளிர்கின்றன. சுருங்கக் கூறின், இது பொருளின் நிறமன்று, அமைப்பின் நிறம்.

2. வண்ணத்தைப் பிடிக்க முயன்றோர்

இவ்வொளியைக் கலையில் நிலைநிறுத்த முதன்முதல் முயன்றவர்களுள் மெக்சிகோ நாட்டின் அமாந்தேக்கா எனப்பட்ட இறகுக் கைவினைஞர் குறிப்பிடத்தக்கவர். ரீங்காரச்சிட்டு முதலான பறவைகளின் இறகுகளைச் சிறு சிறு துணுக்குகளாக வெட்டி ஒட்டி, அவர்கள் ஓவியம்போன்ற வேலைப்பாடுகளைச் செய்தனர். 1521-ல் ஸ்பானியர் அந்நாட்டைக் கைப்பற்றிய பின்னரும் அத்தொழில் நீடித்தது. 1539-ல் ஆக்கப்பட்ட 'புனித கிரகோரியின் பூசை' என்னும் இறகுச் சித்திரம் இன்றும் பிரான்சு நாட்டின் ஓஷ் நகரத்து அருங்காட்சியகத்தில் உள்ளது.

ஐரோப்பாவில் ஜான் கூல்டு என்பவர் 1849 முதல் 1861 வரை ரீங்காரச்சிட்டுகளைப் பற்றி 360 வண்ணப் படங்களுடன் ஒரு பெருநூலைப் பகுதி பகுதியாக வெளியிட்டார். சாதாரண வர்ணத்தால் அவ்வொளி வாராது என்று கண்டு, தாளின்மேல் பொன்னிதழை ஒட்டி, அதன்மேல் ஒளி ஊடுருவும் எண்ணெய் வர்ணத்தையும் வார்னிஷையும் பூசும் முறை கையாளப்பட்டது. கீழே ஒளியைத் திருப்பும் படலம், மேலே நிறம் என்னும் இந்த ஏற்பாடு பறவையின் அமைப்பை ஓரளவு பின்பற்றுவதாகும். அமெரிக்க ஓவியர் மார்ட்டின் ஜான்சன் ஹீட் 1863-ல் பிரேசிலுக்குச் சென்று ரீங்காரச்சிட்டுகளைத் தீட்டினார். அவ்வோவியங்களை அச்சிட்டு நூலாக்க அவர் இட்ட திட்டம் நிறைவேறவில்லை.

அதே நூற்றாண்டில் மாதர் தொப்பிகளை அலங்கரிப்பதற்காக இப்பறவைகள் பெருந்தொகையாகக் கொல்லப்பட்டன. 1918-ல் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இயற்றப்பட்ட வலசைப் பறவைகள் ஒப்பந்தச் சட்டம் அந்நாட்டில் இக்கொலையைத் தடுத்தது. பறவைக்குத் தீங்கின்றி அதன் அழகைப் பெறும் வழியாகப் புகைப்படம் வந்தது என்பதை நாம் மறக்கலாகாது.

புகைப்படத் துறையில் நெசவாளர் அறியத்தக்க பெயரொன்று உண்டு. கிராஃபோர்டு கிரீன்வால்ட் என்பவர் 1948 முதல் 1962 வரை டூபாண்ட் நிறுவனத்தின் தலைவராயிருந்தார். நைலான் இழையை உருவாக்கும் பணியிலும் முன்னர்ப் பங்குகொண்டவர். அவர் மின்னணுப் பளிச்சொளி விளக்குகளைக் கொண்டு ரீங்காரச்சிட்டுகளைப் படமெடுத்து, 1960-ல் ஒரு நூலாக வெளியிட்டார். அவற்றின் இறகொளிக்குக் காரணமான தட்டடுக்கை அளந்து ஆராய்ந்தவர்களுள் அவரும் ஒருவர்.

3. புகைப்படம் எவ்வாறு அமைகிறது

விநாடிக்கு 50 தடவை அடிக்கும் சிறகு ஒருமுறை மேலும் கீழும் சென்றுவர விநாடியில் 50-ல் ஒரு பங்கு நேரமே ஆகிறது. அதை அசைவின்றிப் பிடிக்க, விநாடியில் 10,000-ல் ஒரு பங்கோ அதனினும் குறைவோ நீடிக்கும் ஒளித்துடிப்பு வேண்டும். பளிச்சொளி விளக்கின் வலிமையைக் குறைத்தால் துடிப்பின் நேரமும் குறைகிறது. ஆகவே குறைந்த வலிமையில் பல விளக்குகளைப் பல திசைகளில் நிறுத்திப் படமெடுப்பது வழக்கம். பறவைக்குப் பின்னால் அச்சிட்ட இலைக்காட்சித் திரையொன்றை நிறுத்துவதும் உண்டு.

இவற்றுக்கெல்லாம் முன்னதாக ஒரு தோட்டம் வேண்டும். ஈக்வடார் நாட்டின் மிந்தோ முதலிய மலைச்சரிவுகளில் நிலவுடையோர் பலர் மலர்ச்செடிகளை வளர்த்து, நான்கு பங்கு நீருக்கு ஒரு பங்கு சர்க்கரை என்ற அளவில் இனிப்பு நீரும் வைத்துப் பறவைகளை வரவழைக்கின்றனர். படமெடுக்க வருவோரிடம் நுழைவுக் கட்டணமும் பெறுகின்றனர். காட்டை அழிக்காமலே வருவாய் தேடும் இவ்வழியைச் சாகுபடியாளரான அங்கத்தினர்களும் மனத்திற் கொள்ளலாம்.

இனி, படக்கருவியின் உள்ளே நடப்பதைக் காண்போம். எண்முறைப் படக்கருவியின் உணர்தகட்டில் மிக நுண்ணிய கட்டங்கள் உள்ளன. ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனத்தைச் சேர்ந்த பிரைஸ் பேயர் என்பவர் 1976-ல் காப்புரிமை பெற்ற முறைப்படி, நான்கு கட்டங்களில் இரண்டு பச்சையையும், ஒன்று சிவப்பையும், ஒன்று நீலத்தையும் மட்டுமே அளக்கின்றன. விடுபட்டவற்றை அண்டைக் கட்டங்களைக் கொண்டு கருவி கணக்கிட்டு நிரப்புகிறது. பறவையின் கண்ணோ நம் கண்ணுக்குப் புலப்படாத புறவூதா ஒளியையும் காண்பது. புறவூதாவும் பச்சையும் கலந்த நிறத்தைத் தனிப் பச்சையிலிருந்து ரீங்காரச்சிட்டு பிரித்தறியும் என்பது கொலராடோ மாநிலத்தில் நடத்தி 2020-ல் வெளியிடப்பட்ட ஆய்வில் மெய்ப்பிக்கப்பட்டது. எனவே மிகச் சிறந்த படமும் மனிதக் கண்ணுக்கென்று சுருக்கப்பட்டதொரு பிரதியே ஆகும்.

எல்லாவற்றினும் முக்கியமானது, படம் ஒரு கோணத்தை மட்டுமே பிடிக்கிறது என்பது. பறவை திரும்பும்போது மாறும் நிறம், படத்தைத் திருப்பும்போது மாறுவதில்லை. உயிருள்ள மினுமினுப்பு நின்றுபோய், அதன் ஒரு கணம் மட்டும் நிறமாக உறைகிறது.

4. கணினிச் சித்திரம்

உறைந்த அந்த ஒளிக்கு மீண்டும் உயிரூட்டவே கணினிக் கலைஞர் முயல்கிறார். அவருடைய வேலைமுறையை நெசவாளர் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். 1990-ல் வெளிவந்த ஃபோட்டோஷாப் என்னும் மென்பொருளில் 1994-ல் லேயர் எனப்படும் அடுக்கு வசதி சேர்க்கப்பட்டது. கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பதுபோல, ஒரே பறவையின் வெவ்வேறு கோணப் படங்களை அடுக்கி, மேலடுக்கின் ஒரு பகுதியை மறைத்து, மற்றொரு பகுதியைக் கீழடுக்குடன் கலந்து, கருமையிலிருந்து சிவப்பு வரையிலான மாற்றங்களை ஒரே சித்திரத்தில் அவர் காட்டுகிறார். சிறகை இடம் வலமாகத் திருப்பிப் பதித்து, கோலம்போல் திரும்பத் திரும்ப வரும் உருவங்களை அமைப்போரும் உளர். இறகுகளை மட்டும் பிரித்தெடுத்து வேறு உருவங்களைச் சமைப்போரும் உளர்.

கணினியின் துணையின்றியே இயற்கை இத்தகைய வியப்பைச் செய்வதும் உண்டு. பிரேசிலில் வாழும் கறுப்பு ஜக்கோபின் என்னும் ரீங்காரச்சிட்டின் விரித்த சிறகுகளுக்குப் பின்னால் சூரியன் நிற்க, கிறிஸ்டியன் ஸ்பென்சர் என்பவர் எடுத்த படங்களில் சிறகு முழுவதும் வானவில் நிறங்கள் தோன்றின. அவை கணினியிற் புனைந்தவையல்ல. நுண்கிளைகளின் இடுக்குகளில் புகுந்த வெள்ளொளி நிறம் நிறமாகப் பிரிந்ததன் விளைவு. ஒரு படத்தைக் கண்டவுடன் 'இது பொய்' என்றோ 'இது மெய்' என்றோ முடிவு கட்டலாகாது என்பதற்கு இது சான்று.

கணினித் திரையில் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகளால் ஆனது. ஒவ்வொன்றுக்கும் 256 படிகள் என்று கொண்டால், மொத்தம் 1 கோடியே 67 லட்சத்து 77 ஆயிரத்து 216 நிறங்கள் கிடைக்கும். திரை தானே ஒளியை உமிழ்கிறது. தாளோ துணியோ தன்மேல் விழும் ஒளியைத் திருப்பித் தருவது மட்டுமே செய்கிறது. ஆகையால் திரையில் சுடர்விடும் பச்சையும் ஊதாவும் அச்சில் மங்கிவிடுகின்றன. இது அச்சகத்தாரின் குற்றமுமன்று, சாயக்காரரின் குற்றமுமன்று. வாடிக்கையாளருக்கு இதை முன்கூட்டியே விளக்கிக் கூறுவது சங்கத்தின் கடமை.

5. சித்திரம் தறிக்கு வரும்பொழுது

கணினி நெசவாளருக்கு அந்நியமானதன்று. பிரான்சு நாட்டின் லியான் நகரத்து ஜக்கார்டு 1804-ஐ ஒட்டி அமைத்த தறிப்பொறியில், அட்டையில் துளையிருந்தால் கொக்கி எழும், இல்லையேல் எழாது. உண்டு, இல்லை என்னும் இவ்விரு சொல்லாலேயே பூவேலை முழுவதையும் எழுதும் இந்த முறையைத்தான், 1830-களில் சார்லஸ் பாபேஜ் தமது கணிப்பொறித் திட்டத்துக்கு எடுத்துக்கொண்டார். கிராப் தாளில் ஒரு கட்டத்துக்கு ஓர் இழை என்று நாம் பூ எழுதுவதும், திரையில் ஒரு புள்ளிக்கு ஒரு நிறம் என்று கலைஞர் எழுதுவதும் ஒரே கணக்கு.

ஆயினும் அளவில் வேற்றுமை பெரிது. குறுக்கே 4,000 புள்ளிகள் உள்ள ஒரு படத்தை 240 கொக்கி ஜக்கார்டில், கொக்கிக்கு ஒரு கட்டமாக நெய்ய வேண்டுமெனில், ஏறக்குறைய 17 புள்ளிகள் சேர்ந்து ஒரு கட்டமாகின்றன. ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட நிறங்கள் மூன்று அல்லது நான்கு ஊடை நிறங்களாகச் சுருங்குகின்றன. படத்தை அப்படியே துணிக்கு மாற்ற முயல்வது ஏமாற்றத்தில் முடிவது இதனாலேயே.

அவ்வாறாயின் நமக்கு வழியே இல்லையா? உண்டு. பறவையிடமிருந்து அதன் படத்தை எடுத்துக்கொள்வதை விடுத்து, அதன் விதியை எடுத்துக்கொள்வோம். கோணம் மாறினால் நிறம் மாறும் துணி நம்மிடம் தொன்றுதொட்டே உள்ளது. பாவில் நீலமும் ஊடையில் பச்சையும் வைத்து நெய்யும் மயில்கழுத்துப் பட்டை அறியாத நெசவாளர் யார்? பாவிழையும் ஊடையிழையும் ஒன்றுக்கொன்று குறுக்காகக் கிடப்பதால், ஒரு கோணத்தில் ஒன்றின் பளபளப்பும், மறு கோணத்தில் மற்றொன்றின் பளபளப்பும் மேலோங்குகின்றன. சாயம் இரண்டுமே சாதாரணச் சாயம். மூன்றாவது நிறத்தைத் தருவது நெசவின் அமைப்பு. பறவையின் இறகில் ஒளியலைகள் ஒன்றோடொன்று சேர்ந்து நிறம் பிறக்கிறது. இங்கே இரு நிற இழைகள் முறை மாறி முன்வருகின்றன. வழி வேறாயினும், அமைப்பே அழகைத் தருகிறது என்னும் உண்மை இரண்டுக்கும் பொது.

இத்துணி நன்கு அமைய வேண்டுமாயின் சில நிபந்தனைகள் உண்டு. சாதா நெசவே ஏற்றது. சாட்டின் நெசவில் ஒரு பக்கத்து இழையே மேலோங்கி மற்றதை மறைத்துவிடும். பாவும் ஊடையும் இழையெண்ணிக்கையிலும் பருமனிலும் ஏறக்குறைய ஒத்திருக்க வேண்டும். முறுக்குக் குறைந்த, பளபளப்பு மிகுந்த நூல் சிறந்தது. பட்டில் இவ்விளைவு ஓங்கித் தோன்றுவதும், சாதாரணப் பருத்தியில் அடங்கித் தோன்றுவதும் இதனாலேயே. அன்னா ரீங்காரச்சிட்டின் கழுத்தை நினைவூட்ட விரும்பினால், கருமை தோய்ந்த பச்சைப் பாவில் இளஞ்சிவப்பு ஊடையை இட்டுப் பார்க்கலாம். ஒரே பாவில் ஆறு வேறு நிற ஊடைகளை ஒவ்வொரு சாண் அளவு நெய்து, பகலொளியில் திருப்பித் திருப்பிப் பார்த்தல் செலவு குறைந்த சோதனையாகும். அத்துண்டுகளே பின்னர் வாடிக்கையாளருக்குக் காட்டும் மாதிரிகளாகவும் பயன்படும்.

அமைப்பு நிறத்தை இழையிலேயே உண்டாக்கும் முயற்சியும் நடந்ததுண்டு. ஜப்பானிய டெய்ஜின் நிறுவனம், மார்ஃபோ என்னும் நீல வண்ணத்துப்பூச்சியைப் பின்பற்றி, பாலியெஸ்டரும் நைலானும் மாறிமாறி 61 அடுக்குகளாக அமைந்த மார்ஃபோடெக்ஸ் என்னும் இழையைச் செய்தது. சாயமின்றியே அது நிறங்காட்டியது. ஆயினும் 2011-ல் அதன் உற்பத்தி நிறுத்தப்பட்டது. தறியில் இரு நிற இழைகளைக் கொண்டு நாம் செய்யும் வேலையோ இன்றும் நிலைத்திருக்கிறது.

6. படம் யாருடையது?

இனி இரண்டாவது வினாவுக்கு வருவோம். பறவை யாருக்கும் சொந்தமன்று. அதன் நிறமும், நிறம் மாறும் விதியும் எல்லோருக்கும் பொது. ஆனால் புகைப்படம் எடுத்தவருக்கு உரியது. அதிலிருந்து அனுமதியுடன் ஆக்கிய சித்திரத்தில், கலைஞர் புதிதாகச் சேர்த்த பகுதிக்கு அவரும் உரியவர். ஆகவே ஒரு சித்திரத்தைத் துணியிற் பதிக்க வேண்டுமாயின் இருவருடைய இசைவும் தேவைப்படலாம். கலைஞரிடம் மட்டும் விலை பேசி முடித்துவிட்டு, மூலப்படம் எடுத்தவரை மறப்பதே பெரும்பாலும் தவறுக்கு இடமாகிறது.

இதை விளக்கும் வழக்கொன்று அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நடந்தது. இசைக்கலைஞர் பிரின்ஸ் என்பவரை லின் கோல்ட்ஸ்மித் என்ற புகைப்படக் கலைஞர் 1981-ல் படமெடுத்தார். 1984-ல் ஒரு பத்திரிகை 400 டாலர் கொடுத்து, ஓவியர் ஆண்டி வார்ஹோல் அதைப் பார்த்து வரைவதற்கு ஒரே ஒரு முறை பயன்படுத்தும் உரிமையைப் பெற்றது. வார்ஹோலோ அதிலிருந்து பல சித்திரங்களை ஆக்கினார். 2016-ல் அவற்றுள் மற்றொன்றை வெளியிட ஒரு நிறுவனம் வார்ஹோல் அறக்கட்டளைக்குப் பணம் கொடுத்தது. படமெடுத்தவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2023-ல் ஏழு நீதிபதிகள் கோல்ட்ஸ்மித்தின் பக்கமும், இருவர் எதிர்ப்பக்கமும் தீர்ப்பளித்தனர். கலைஞர் எவ்வளவு புகழ்பெற்றவராயினும், மூலப்படத்தின் உரிமை தானே மறைந்துவிடுவதில்லை என்பதே இதிலிருந்து நாம் கொள்ளும் பாடம்.

நம் நாட்டில் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் புகைப்படத்தையும் கலைப்படைப்பாகவே கொள்கிறது. 2012-ல் செய்த திருத்தத்தின்படி, புகைப்படத்தின் உரிமை அதை எடுத்தவரின் ஆயுட்காலமும் அதன்பின் 60 ஆண்டுகளும் நீடிக்கிறது. "வெளிநாட்டுப் படமாயிற்றே, யார் கேட்கப் போகிறார்கள்?" என்னும் எண்ணமும் பொருந்தாது, பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளின் படைப்புகளுக்கு இங்கும் பாதுகாப்பு உண்டு. இசைவு எழுத்து மூலமாக இருத்தல் வேண்டும். உரிமையை எழுதி மாற்றிக்கொள்ளும் பத்திரத்தில் காலம் குறிப்பிடாவிடில் ஐந்து ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிடில் இந்தியா மட்டும் என்றும் சட்டம் கொள்ளும். ஏற்றுமதி செய்யும் சங்கங்கள் இதைக் கருத்தில் இருத்துக.

கிரியேட்டிவ் காமன்ஸ் என்னும் பொது அனுமதி முறைகள் 2002 முதல் வழக்கில் உள்ளன. அவற்றுள் சில, படைத்தவர் பெயரைக் குறிப்பிட்டால் போதும் என்பன. சில, வாணிகத்துக்குப் பயன்படுத்தலாகாது என்பன. கூட்டுறவுச் சங்கம் பேராசை கொண்ட வணிகமன்று என்பது உண்மையே. எனினும் துணியை விலைக்கு விற்பது வாணிகமே ஆகும். 'இலவசம்' என்ற சொல்லைக் கண்டு மகிழ்வதற்கு முன் நிபந்தனையைப் படித்தல் வேண்டும்.

தடையின்றிப் பயன்படுத்தத்தக்க செல்வமும் நிறைய உண்டு. ஜான் கூல்டு 1881-ல் காலமானார். அவருடைய நூற்படங்களின் உரிமைக்காலம் முடிந்துவிட்டது. பல்லுயிர் மரபு நூலகம் என்னும் இணைய நூலகத்தில் பழைய பறவை நூல்களைக் காணலாம். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனமும் 2020-ல் இருபது லட்சத்துக்கு மேற்பட்ட படங்களைக் கட்டுப்பாடின்றித் திறந்துவிட்டது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு சங்கம் இசைவு பெறாத படமொன்றை வைத்து 60 சேலைகளை நெய்தது என்றும், ஒன்றின் அடக்கவிலை ரூ.3,500 என்றும் கொள்வோம். முடங்கும் முதல் ரூ.2,10,000. உரிமையாளரின் அறிவிப்பு வந்து விற்பனை நின்றால், வங்கிக் கடனுக்கு ஆண்டுக்கு 10 விழுக்காடு வட்டி என்று வைத்துக்கொண்டாலும் மாதந்தோறும் ரூ.1,750 வட்டி மட்டும் ஏறும். ஆறு மாதத்தில் அது ரூ.10,500. நஷ்டஈடும் வழக்குச் செலவும் வேறு. நெய்தவருக்குக் கூலி கொடுத்தாயிற்று. திரும்பப் பெற முடியாது, பெறுவதும் முறையன்று. எனவே அத்தொகை லாபப் பங்கீட்டிலிருந்தே போகும். படத்தைத் தேர்ந்தெடுத்தவர் ஒருவராயிருக்கலாம், இழப்பவர் அனைவரும்.

7. சங்கம் செய்யத்தக்கன

மேற்கூறியவற்றிலிருந்து நிர்வாகக் குழு கைக்கொள்ள வேண்டிய முறைகள் பின்வருமாறு:

முதலாவது, புதிய உருவம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிவேடு வைத்தல். மூலப்படம் எங்கிருந்து வந்தது, எடுத்தவர் யார், மாற்றியமைத்தவர் யார், இசைவுக் கடிதத்தின் தேதி என்ன என்பவை அதில் இடம்பெற வேண்டும்.

இரண்டாவது, இசைவு கேட்கத் தயங்காமை. எத்தனை சேலை, எவ்வளவு காலம், எந்த நாடுகளில் விற்பனை என்பவற்றைத் தெளிவாக எழுதிக் கேட்டால், சிறு தொகைக்கோ பெயர் குறிப்பிடுவதற்கோ இசைவோர் உண்டு.

மூன்றாவது, நம் சொந்த உருவங்களைக் காத்தல். ஒரு வடிவத்தைப் பதிவு செய்யாமல், உரிமையாளரின் இசைவுடன் தொழில்முறையில் ஐம்பது தடவைக்கு மேல் பொருள்களிற் பதித்தால், அதன் பதிப்புரிமை அற்றுவிடும் என்று சட்டம் கூறுகிறது. 2000-ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்தால் 10 ஆண்டும், நீட்டித்தால் மேலும் 5 ஆண்டும் பாதுகாப்பு உண்டு. வடிவத்தை வெளியிடும் முன்னரே விண்ணப்பிப்பது அவசியம். பிறர் உரிமையை நாம் மதிப்பது எத்துணை அவசியமோ, நம் அங்கத்தினர் ஒருவர் இரவு விழித்து எழுதிய பூவைப் பிறர் கவராமற் காப்பதும் அத்துணை அவசியம்.

நான்காவது, மாதிரித் துண்டு நெய்தபின்னரே விலை பேசுதல். திரையிற் கண்ட நிறத்தை வாக்களிக்காமல், துணியிற் கண்ட நிறத்தையே வாக்களித்தல் வேண்டும்.

தோட்டம் வளர்த்தவர், பறவைக்காகக் காத்திருந்து படமெடுத்தவர், அதைச் சித்திரமாக்கியவர், நூலுக்குச் சாயமிட்டவர், நெய்தவர் என்று ஒரு துணியின் பின்னால் பலருடைய உழைப்பு நிற்கிறது. உழைத்தவர் ஒவ்வொருவருக்கும் உரிய பங்கு சேர வேண்டும் என்பதே கூட்டுறவின் அடிப்படை. அக்கொள்கை சங்கத்தின் வாயிற்படியோடு நின்றுவிடுவதன்று. கடல் கடந்த நாட்டில் படமெடுத்த முகந்தெரியாத உழைப்பாளிக்கும் அது பொருந்தும்.

அங்கத்தினர் கூட்டத்தில் விவாதிப்பதற்குரிய வினாக்கள்

1. சாயத்தின் நிறத்துக்கும் அமைப்பின் நிறத்துக்கும் உள்ள வேற்றுமை யாது? நம் வீட்டிலும் தொழிலிலும் காணும் பொருள்களில் இரண்டுக்கும் எடுத்துக்காட்டுத் தருக.

2. நம் சங்கத்தில் உள்ள நூலின் நிறங்களைக் கொண்டு, கோணத்துக்குத் தக்கவாறு மாறித் தோன்றும் பாவு ஊடைச் சேர்க்கைகள் எவையெவை நெய்யலாம்?

3. சென்ற ஓராண்டில் நம் சங்கம் கையாண்ட புதிய உருவங்கள் எவ்விடத்திலிருந்து வந்தவை? அவற்றுக்கு எழுத்து மூலமான இசைவு நம்மிடம் உள்ளதா?

4. நம் அங்கத்தினர் எழுதிய உருவங்களுள் பதிவு செய்யத்தக்கவை எவை? அதற்காகும் செலவைச் சங்கம் ஏற்கலாமா?